ஐந்துக்குப் பின் ஒரு புள்ளி

அந்தப் பின்னலாடைக் கூடத்தின் மாடியறையில் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அக்கா தன் கணினி மொழியை உருவாக்கியது அங்கேதான். கீழே இயந்திரம் ஓடினால் மேசை அதிரும். தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக் குடிப்போம். அந்த அதிர்வு போல எனக்கு வேறெதுவும் பழகவில்லை.

அந்த மொழியை முதலில் நம்பியவர் அத்தான் ஒருவர்தான். ஸ்வெட்டர் வடிவங்களையெல்லாம் அதிலேயே எழுதினார். எண்ணிக்கை என்றால் வெறும் '5' என்று எழுதுவார். அளவு என்றால் '5.' என்று புள்ளியோடு நிறுத்திவிடுவார். பின்னால் பூஜ்யம் போடச் சோம்பல். எழுதியதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கிற பகுதிக்குப் பார்சர் என்று பெயர். அவருக்காகவே '5.' என்பதையும் எண்ணாக ஏற்கும்படி அக்கா அதை அமைத்திருந்தாள்.

முதலாளி வந்து பார்க்கும் நாள் வந்தது. இயந்திரம் ஓடினால் அக்காவின் மொழி. ஓடாவிட்டால் வெளியில் மென்பொருள் வாங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவர் கேட்டதற்காக அக்கா புதிதாக ஒரு வசதி சேர்த்திருந்தாள்: ஒன்று முதல் பத்து வரை என்பதற்கு '1..10'. அதைக் கொடுத்ததும் இயந்திரம் அசையவில்லை.

"என்னம்மா, தூங்குதா?" என்றார் முதலாளி. "சாப்பிட்டு வரேன். அதுக்குள்ள எழுப்பிடு."

அக்கா திரையைப் பார்த்தாள். "முதல் புள்ளிய ஒன்னோட சேர்த்து '1.'ன்னு ஒரு எண்ணாக்கிடுச்சு. மிச்சம் '.10', அது இன்னொரு எண். நடுவுல 'வரை'யே இல்ல."

"அடுத்ததும் புள்ளியான்னு எட்டிப் பாக்கச் சொல்லேன், அக்கா."

"சொல்லலாம்டா. நாளைக்கு உன் அத்தான் '1.'ன்னு அளவு எழுதி, அதுக்கே 'வரை' போடுவார். '1...10'. மூணு புள்ளில எது யாருக்குன்னு பஞ்சாயத்து பண்ணணும்." சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கறே? எடுத்துடு."

"உங்க ஃபைல் அத்தனையும் நின்னுடும்."

"நிக்கட்டும். சட்டம் போடறவ புருஷன் மூஞ்சியப் பாத்தா உருப்படுமா?"

'5.' என்பதை எண்ணாக ஏற்கும் அந்த விதியை அக்கா அழித்தாள். புள்ளிக்குப் பின் இலக்கம் இருந்தால்தான் இனி அது எண்ணில் சேரும். முதலாளி திரும்பியபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த மெஷினுக்கும் இதையே போட்டுடு" என்றார்.

அதைச் சொல்ல நானும் அக்காவும் மாடிக்கு ஓடினோம். அதற்குள் அங்கே போயிருந்த அத்தான் பழைய வடிவங்களைத் திறந்து ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் பூஜ்யம் தட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளுங்க, நிமிஷத்துல புரோகிராமே மாத்திடும்" என்றாள் அக்கா.

"இருக்கட்டும்" என்றார், திரும்பாமல். "எனக்குன்னு நீ வெச்சது. நானே எடுத்துக்கறேன்."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.