பித்தக் குழாயில் ஒரு உயிர்

வரப்பில் எறும்பு வரிசை தெரிந்தால் மண்வெட்டியோடு சுற்றிப் போகிற ஆள் சாந்திநாதன். அவருடைய கணையத்தை ஒட்டிக் கட்டி இருக்கலாம் என்று ஸ்கேன் சீட்டில் எழுதியிருந்தது. மூன்று வாரத்தில் கண் மஞ்சளாகி, எட்டு கிலோ இறங்கிவிட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத ஜைனக் குடும்பம் என்பதால், விரதம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். மனைவி ஜெயந்திமாலாவுக்கு அவர்கள் வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. அவர் எதிரில் மட்டும் அவள் அழவில்லை.

திருவண்ணாமலை மருத்துவமனையில் அவருக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று. டாக்டர் அருணாதேவி வெளியே வந்து, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த திரையை அவளுக்குக் காட்டினார்.

"வயித்து மேல வெச்சு எடுக்குற ஸ்கேனைக் குடல்ல இருக்கிற காத்து மறைச்சிடும்மா. இந்தக் குழாய் நுனியில கேமராவும் இருக்கு, குட்டி ஸ்கேனும் இருக்கு. வாய் வழியா இறக்கி, கணையத்துக்குப் பக்கத்துலயே நின்னு பாக்கலாம். முன்னெல்லாம் இதுக்கு வயித்தை அறுக்கணும்."

"கட்டின்னா?"

"பாக்காம பேச வேணாங்க."

டாக்டர் உள்ளே போனதும் திரையில் சாம்பல் நிறம் பரவியது. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனின் உள்ளே இப்படியொரு ஊர் இருக்கிறதா என்று அவள் திரையை இன்னும் நெருங்கி நின்றாள். கணையம் முழுக்கத் திரையில் நகர்ந்து போனது. கட்டி இல்லை. அதன் ஓரத்தில் வாய்க்கால் போலக் கறுப்பாகப் பித்தக் குழாய். அதற்குள் வெள்ளையாக ஒரு கோடு.

அந்தக் கோடு மெல்ல வளைந்தது. பிறகு நீண்டது.

"புழு," ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் தணிந்து வந்தது. "உயிரோட இருக்கு. குழாயை அடைச்சிருக்கிறது இதுதான்."

ஜெயந்திமாலாவுக்குக் கை கூப்பத் தோன்றியது. கருவியைப் பார்த்தா, அந்த அற்ப ஜீவனைப் பார்த்தா, அவளுக்கே தெரியவில்லை. யமன் என்று நினைத்தது ஒரு புழு.

இப்போதே வேறு குழாய் விட்டு எடுத்துவிடலாம் என்று நர்ஸ் காகிதம் நீட்டினாள். எடுத்தால் அது செத்துப்போகும். ஜெயந்திமாலா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் அவர் கண் திறந்தார்.

"கட்டிதானே, மாலா?"

"இல்லீங்க. புழு. எடுத்துட்டாங்க."

அவர் நெற்றி சுருங்கியது. "உயிரோடவா இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க. நான்தான் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவே இல்ல."

திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள்.

சலைன் ஊசி குத்தியிருந்த கையை அவர் மெதுவாக நகர்த்தி அவள் விரல்களைப் பிடித்தார்.

"அந்தப் பாவத்துல பாதி எனக்கு. நீ ஒருத்தியா சுமக்காத."

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை, அவர் எதிரிலேயே உடைந்தது.