மூன்று தொட்டி, ஒரே நிறம்

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவர் தடுமாறும்போதெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி "பிரேக், பிரேக்" என்பாள். அதனால் பிரேக் அக்கா. அவளைவிட வயதில் மூத்த பல் டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அவர்தான். வம்பை விலைக்கு வாங்கியவரும் அவர்தான்.

வம்பு குப்பைத்தொட்டியில் ஆரம்பித்தது. வாசலில் மூன்று தொட்டிகள் இருந்தன. பச்சைத் தொட்டி சாப்பாட்டு மிச்சத்துக்கும் காய்கறித் தோலுக்கும். அதில் சேர்வது உரமாகும். நீலத் தொட்டியில் காகிதம், பாட்டில், டப்பா, பால் பாக்கெட்; அவை மறுபடியும் பொருளாகி வரும். பாட்டரி, பல்பு, காலாவதியான மருந்து மாதிரி விஷமெல்லாம் சிவப்புக்கு. நகராட்சிக்கு நடையாய் நடந்து இவற்றை வாங்கி வந்தவள் பிரேக் அக்கா. வீடு வீடாகப் போய்ப் பாடமும் எடுத்தாள்.

"கழுவுங்க, காய வைங்க, நசுக்கிப் போடுங்க. எண்ணெய்க் காகிதம் ஒண்ணு உள்ள போனா மத்த காகிதமும் வீணாப் போயிடும்."

சிலர் கேட்டார்கள். மற்றவர்கள் அவள் வீட்டுக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கும் பால் பாக்கெட்டுகளைப் பார்த்து, குப்பையைக் குளிப்பாட்டுகிறாள் என்று சிரித்தார்கள். "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று வீட்டுக்காரரும் தன் பங்குக்கு முனகினார். ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. ஊருக்கு வெளியே, குப்பைமேட்டுக்கு அடுத்த தெருவில் அவள் தங்கை குடியிருந்தாள். பிரிக்காமல் கலந்துகட்டிப் போடும் குப்பையெல்லாம் அங்கேதான் போய் விழும். மேடு அடிக்கடி புகையும். புகைந்தால் தங்கை மகள் இரும ஆரம்பித்துவிடுவாள். ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்கை வாய்க்காரி. போனில், "அக்கா, இன்னிக்கு உங்க வீட்டு வாடை தூக்கலா இருக்கே" என்பாள். அக்காவும் சிரிப்பாள். போனை வைத்த பிறகு தன் வீட்டுக் குப்பையை இன்னொரு தடவை கிளறிப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் கட்டடத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தார்கள். யானைத் தந்தத்தின் நிறம். வேறெந்த நிறத்தைத்தான் பல் டாக்டர் தேர்ந்தெடுப்பார்? பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சியது. தொட்டிகள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றுக்கும் அதையே பூசச் சொல்லிவிட்டார். பிரேக் அக்கா வேலை முடிந்து வந்து பார்த்தபோது, மூன்றும் முன்பற்கள் மாதிரி வாசலில் வரிசையாகப் பளபளத்தன.

"டாக்டர், இனிமே எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"திறந்து பார்த்தா தெரியப்போகுது. பார்க்க லட்சணமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அவள் தொட்டிகளின் மேல் எழுதி ஒட்டினாள். அவர் கிழித்துப் போட்டார். அப்புறமென்ன, பால் பாக்கெட்டோடு பாட்டரி, காகிதத்தோடு காய்கறித் தோல் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்தது. பிரித்த குப்பையை எடுக்க வரும் வண்டி முதல் தடவை எடுக்காமல் திரும்பியது. அடுத்த தடவையும் திரும்பியது. இன்னொரு தரம் இப்படி இருந்தால் தொட்டிகளையே தூக்கிக்கொண்டு போய்விடுவோம், பிறகு பெரிய லாரிதான் வரும், எல்லாம் மேட்டுக்குத்தான் என்றார் வண்டிக்காரர். பிரேக் அக்கா அதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னாள். போனால் வாசல் விசாலமாகும் என்றார் டாக்டர்.

மூன்றாம் தடவையாக ஒரு காலையில் வண்டி கேட்டுக்குள் வந்தது. வண்டிக்காரர் ஒரு மூடியைத் திறந்தார். செய்தித்தாள் கட்டின் மேல் காப்பிச் சக்கை வழிந்துகொண்டிருந்தது. மூடிவிட்டுத் தொட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

பயிற்சிக் காரோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்த பிரேக் அக்கா அதைப் பார்த்தாள். கத்தவில்லை. காரைக் கொண்டுபோய் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, காரை எடுங்க. எனக்கு இன்னும் எத்தனையோ தெரு பாக்கி இருக்கு."

"தொட்டியை இறக்குங்க. பிரிச்சுத் தரேன். அப்புறம் எடுக்கறேன்."

"தொட்டி விஷயம் என் கையில இல்லக்கா."

"கார் என் கையிலதான் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு தொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, தன் வண்டியின் படியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். "டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான்" என்றார்.

அவள் தொட்டிகளைத் தரதரவென்று இழுத்துப்போய், பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்த முன்கூடத்தில் கவிழ்த்தாள். வாடை மாடிப்படி வழியாக ஏறியது. கதவுகள் திறந்தன. டாக்டர் வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்தார்.

"என்ன அக்கிரமம் இது? கட்டடமே நாறுது."

"நாறுதா டாக்டர்? உங்களால ஒரு நிமிஷம் நிக்க முடியல. என் தங்கச்சி வருஷக்கணக்கா இதுக்குள்ள குடியிருக்கா. அவ பொண்ணு இருமுறதுல நம்ம வீட்டுப் புகையும் இருக்கு. எனக்கு அது மானக்கேடா இருக்கு. உங்களுக்கு இல்லைன்னா மேல போங்க."

"நான் போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வர்றவங்களும் ஒரு கை கொடுக்கட்டும்."

சொல்லிக்கொண்டே குவியலிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்தாள். பையில் டாக்டரின் கிளினிக் முத்திரையான சிரிக்கும் பல்லின் படம். உள்ளே பிடிப்பிடியாகச் சாக்லேட் உறைகள். மாடிப்படியில் நின்ற பிள்ளைகளில் ஒன்றுகூட டாக்டரிடம் சாக்லேட்டுக்காகத் திட்டு வாங்காதது இல்லை. அவர் முகவாயில் நுரை வழிந்தது.

அவள் பையை மடியோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள். "டாக்டர், இதை நான் பிரிக்கட்டுமா, நீங்க பிரிக்கிறீங்களா?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்.

"அதை நீலத்துல போடாதீங்க. பளபளன்னு இருக்கிற இந்த உறை எதுக்கும் திரும்ப உதவாது. வாங்காம இருந்தாத்தான் உண்டு" என்றாள் பிரேக் அக்கா.

டாக்டரே உட்கார்ந்துவிட்ட பிறகு மற்றவர்களுக்கு மேலே நிற்க முடியவில்லை. தங்கள் பையைப் பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துவிடுவாரோ என்ற பயம் வேறு. அடித்துப் பிடித்து இறங்கி வந்து அவரவர் பையை அவரவர் கைப்பற்றினார்கள். பிரேக் அக்காவின் வீட்டுக்காரர் பனியனோடு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, பால் பாக்கெட்டுகளை அலச ஆரம்பித்தார். வெளியே வண்டிக்காரரின் பிளாஸ்கில் அன்றைக்கு டீ வற்றவே இல்லை.

கடைசியில் அவர் வந்து ஒவ்வொரு தொட்டியாகக் கிளறிப் பார்த்துத் தலையாட்டினார். "எடுத்துக்கறேன். ஆனா நிறம் இல்லாம அடுத்த தடவை தொட மாட்டேன்."

"நீலமும் பச்சையும் சிவப்பும் நானே வாங்கிட்டு வரேன்" என்றார் டாக்டர் சுரத்தில்லாமல்.

"வாங்கினா மட்டும் போதாது டாக்டர். பூசவும் வேணும்" என்று சொல்லிவிட்டு, காரை எடுத்து வழிவிட்டாள் பிரேக் அக்கா.

மாலையில் தங்கை போன் செய்தாள். அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அங்க எப்படி இருக்கு?"

"எப்பவும் போலத்தான். புகையும் குறையல, வாடையும் குறையல."

"இருக்கட்டும். ஆனா அதுல எங்க வீட்டு வாடை இல்லை. நல்லா மோந்து பாரு."

 ஜன்னல் திறக்கும் சத்தம் போனில் கேட்டது.

"ஆமாக்கா" என்றாள். "உங்க வீட்டு வாடை மட்டும் இல்லை."