பன்னிரண்டடி மேசைக்கு வீடு பார்த்தது

கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள். இதை உரக்கச் சொல்லக் கூடாது; மரச் சாமான்களுக்குப் பிடிக்காது.

கருவேலங்குறிச்சிக் கிளை நூலகத்தில் வருஷா வருஷம் பங்குனியில் மேசை நாற்காலிகள் துளிர்விடும். வெளியே வேம்பு பூக்கிற வாரம், உள்ளே வயசான சாமான்களின் கால்களில் செம்பு நிறத்தில் இலை எட்டிப் பார்க்கும். துளிர்த்த சாமானை நூலகத்தில் வைத்திருக்க விதி இல்லை. அதற்கு ஒரு வீடு பார்த்து அனுப்ப வேண்டும். பங்குனி கடைசி நாளுக்குள் வீடு அமையாவிட்டால் மர அறுவை மில்லிலிருந்து வண்டி வரும்.

அந்த வருஷம் இரண்டு நாற்காலியும் ஓர் அலமாரியும் பேப்பர் படிக்கிற நீள மேசையும் துளிர்த்தன. நாற்காலிகளை ஒரு வக்கீல் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அலமாரி தையற்கடைக்குப் போனது. மேசைக்குத்தான் அமையவில்லை.

நூலகத்தைப் பெருக்கித் துடைக்கிற மாடத்திக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் அவள் புருஷன் சுடலைமுத்து. அரிசி மில்லில் எடை போட்டு ஓய்ந்த மனுஷர். பதினாறு வருஷமாக அந்த மேசையில்தான் பேப்பர் படிக்கிறார். வேறு எந்தப் பலகையில் விரித்தாலும் எழுத்து அவருக்கு நிற்காது. வரிசை வரிசையாகச் சரிந்து மடியில் கொட்டிவிடும். எத்தனையோ நாள் அவள் அதைக் கூட்டி அள்ளியிருக்கிறாள். மேசை அறுவை மில்லுக்குப் போனால் மனுஷரின் படிப்பும் அதோடு போய்விடும்.

மேசை முதலில் ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனது. அங்கே சாயங்காலம் ஆறு மணியிலிருந்து டி.வி.யில் யாராவது அழுதுகொண்டே இருந்தார்கள். நாற்பது வருஷம் அமைதி காக்கச் சொல்லும் பலகைக்குக் கீழே நின்ற மேசை அது. மூன்றாம் நாள் காலை நூலகம் திறக்கும்போது வாசலில் நின்றது. அடுத்தது ஒரு தலைமை ஆசிரியர் வீடு. சத்தமே இல்லை. ஆனால் அதன் மேல் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அங்கிருந்தும் வந்துவிட்டது, விளிம்பில் ஒரு கறிவேப்பிலையோடு. நூலகர் அருளானந்தம் அதைத் தட்டிவிட்டு, திரும்பி வந்த தேதியைக் குறித்துக்கொண்டார்.

கடைசி நாள் மத்தியானம் மாடத்தி, மேசையைத் தன் வீட்டுக்குக் கேட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள்.

அருளானந்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மாடத்தி, மேசை பன்னிரண்டு அடி. உன் வீடு எத்தன அடி?"

"பத்து சார். அடுப்படியையும் சேத்து."

"பின்ன எப்படிம்மா? ரெண்டு காலு தெருவுல நிக்கும். விதிப்படி அது வீட்ல இருக்குறதா ஆகுமா?"

"ஆகாது சார்."

"மில்லு வண்டி நாலு மணிக்கு வந்துரும்."

"அந்த விதிய ஒரு தடவ வாசிங்க சார். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்."

அவர் வாசித்தார். "சாமானும் வீடும் ஒன்றினுள் ஒன்று அடங்கியிருக்க வேண்டும்."

"எதுக்குள்ள எதுன்னு போட்டிருக்கா?"

அருளானந்தம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "போடல," என்றார்.

"அப்பம் பெருசுக்குள்ள சிறுசு போகட்டும். ஒங்க பெட்டிக்குள்ளதான டிபன் போணி போகுது?"

அவர் முத்திரை வைத்தார். இனி மேசையின் சம்மதம் வேண்டும். மாடத்தி அதன் மேல் கையை வைத்து, "எங்க வீட்ல டி.வி. கெடையாது. சோறு தரையில உக்காந்துதான் திம்போம்," என்றாள். பிறகு முன்னங்காலில் சுருண்டிருந்த இலை ஒன்று விரிந்தது.

வீட்டுக்குப் போய்ச் சுடலைமுத்துவை எழுப்பி வெளியே உட்கார வைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?"

"ஓரமா இருங்க. வீட்ட மடிக்கணும்."

"ஒழுகுற பக்கத்த உள்ள வச்சு மடி. நாலு பேரு பாக்காண்டாம்."

அவள் கூரையை உதறி, சுவரை நாலாக மடித்து, வாசற்படியைச் சுருட்டி, எல்லாவற்றையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். மேசையின் இழுப்பறையில் வைத்தாள். சரியாக இருந்தது; ஓரத்தில் ஒரு தீப்பெட்டிக்கும் இடம் இருந்தது. மில் வண்டிக்காரர் இறங்கி வந்து இழுப்பறைக்குள் பார்த்தார். "குடி இருக்காங்களோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

மேசை அவள் பின்னாலேயே தெருவில் நடந்து, வீடு இருந்த இடத்தில் வந்து நின்றது. இரண்டு கால் தெருவில்தான் நின்றன. வீடு அடங்கிவிட்டதால் அதைப் பற்றி விதிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சுடலைமுத்து பேப்பரை விரித்தார். மாடத்தி முந்தானையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எழுத்து நின்றது. ஒரு புள்ளி நகரவில்லை. அவர் உதட்டுக்குள்ளேயே முதல் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

பொழுது சாய்ந்தது. உலை வைக்க நேரமாகிவிட்டது. மாடத்தி இழுப்பறையை இழுத்து, மடிப்பைக் கொஞ்சம் பிரித்து, தலையைக் குனிந்து உள்ளே போனாள். அடுப்புப் புகை எழுத்தில் படக் கூடாது என்று, இழுப்பறையை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.