ஸோர்க்கா டீச்சர் வீட்டு முனகல்

அறுநூறு தினார், ஓர் உயிரைக் காப்பாற்ற வந்த சத்தத்தின் வாயை அடைக்க அவன் வாங்கிய கூலி, இரண்டு தடவையாக, எண்ணி, சட்டைப்பைக்குள்... வித்தோமிர் டீச்சர் வீட்டு மேசைக்கடியில் மண்டியிட்டு, கையிலிருந்த கருகிய திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தான், இத்துனூண்டு, இதற்காகத்தானா ஸோர்க்கா டீச்சர் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு அவன் ரிப்பேர் கடைக்கு அலைந்தாள், அவனும் கண்டன்சரை மாற்றி மாற்றிக் கொடுத்தான், கடையில் போட்டால் குயில், வீட்டுக்குப் போனால் மாடு, அப்போதாவது ஒரு நடை வந்து பார்க்க வேண்டாமா, எங்கே பார்த்தான், என்னைப் பார்க்க டீச்சருக்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று கடையிலிருந்தவர்களைச் சிரிக்கவைத்தான்... அக்கார்டியன் சொல்லிக்கொடுக்கிறவள், அவள் நச்சரிப்பு நீஷ் நகரம் முழுக்கப் பிரசித்தம், அந்த நச்சரிப்புக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றவேண்டும், அந்தக் காதுக்கு இரண்டு.

இன்று மூன்றாம் தடவை வந்தவள் போகிறபோக்கில்தான் சொன்னாள், "கம்ப்யூட்டர் பெட்டியில கை வெச்சா முனகல் குறையுது மாஸ்டர், ஆனா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு." எறும்பா... காப்பியை அப்படியே வைத்துவிட்டு, கடையைக்கூடப் பூட்டாமல் அவளுக்கு முன்னால் ஓடிவந்து, மெயினை அணைத்து, சுவர் பிளக்பாயின்ட்டைக் கழற்றினால், உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு துண்டுக் கம்பி. பழைய கட்டடம், எர்த் கம்பியே கிடையாது, அந்தக் காலத்தில் ஊரே இப்படித்தான் ஒப்பேற்றியது, ஆனால் இந்த முறுக்கு ஊருடையதல்ல, தொண்ணூற்றெட்டில் இங்கே வயரிங் பார்த்தபோது இவன் கை போட்ட முறுக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்... நியூட்ரல் திருகாணி தளர்ந்து கருகியிருந்தது, இன்னும் ஒரு சுற்று தளர்ந்திருந்தால் மின்சாரம் மொத்தமும் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து அவள் விரலுக்கு... வேண்டாம், நினைக்காதே, இதோ காப்பித்தூளைக் காணோமென்று முணுமுணுத்துக்கொண்டு நடமாடுகிறாளே, அந்த முணுமுணுப்பு எவ்வளவு இனிமை.

"ஸ்பீக்கர் செத்துப்போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு டீச்சர். நீங்களும் நல்லா இருக்கீங்க."

அறுநூறு தினாரை எடுத்து மேசைமேல் வைத்தான். பைத்தியமா ஒனக்கு என்று அவள் தள்ளிவிட்டாள், பிளம் சாராயத்தை ஊற்றினாள், அவன் அந்தக் காதுகளைப் பார்த்தபடி குடித்தான். தொண்ணூற்றெட்டில் இந்தக் கட்டடத்தில் அவன் கைபட்ட வீடுகள் முப்பத்திரண்டு, முனகுகிறது என்று வேறொருவரும் இதுவரை வந்ததில்லை, இப்படி ஒரு காது வேறு யாருக்கு இருக்கிறது... ஒன்று கழிந்தது. முப்பத்தொன்று பாக்கி.