பால்கனியில் மாட்டாத பலகை

சனிக்கிழமை காலை. ஸ்டுட்கார்ட்டில் அந்த நான்கு மாடி வீட்டின் படிக்கட்டைப் பெருக்குவது அந்த வாரம் கெர்லிண்டின் முறை. கீழ்த்தளத்து ஹேபர்லே கதவைத் திறந்து முதலில் மூலையைப் பார்த்தார், பிறகுதான் அவளை. வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

“மூலையில தூசி இருக்கும்மா.”

“அதையும் எடுத்துடறேன் சார். சாயங்காலம் கூட்டத்துல என் விஷயத்தை மறந்துடாதீங்க.”

அவள் விஷயம் ஒரு சூரிய மின்பலகை. கூரைக்கு அடியில் உள்ள மேல்மாடியில் தம்பி எக்கார்ட்டுடன் வசிக்கிறாள். அவனுக்கு நரம்பு நோய். வெயில் ஏறினால் கால்கள் சொன்ன பேச்சுக் கேட்காது. குளிரூட்டி இருக்கிறது, மின்கட்டணத்துக்குப் பயந்து கொஞ்ச நேரம்தான் ஓட்டுவாள். பால்கனியில் பலகை மாட்டினால், வெயில் கொளுத்தும் அதே நேரத்தில் குளிரூட்டிக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். விலையில் பாதியை நகராட்சி தரும். மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதும்.

துணி துவைக்கும் அறையில் கூட்டம் கூடியது. ஹேபர்லே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தெருவுக்கே அழகான வீடு இது. இன்னிக்கு ஒருத்தர் பலகை மாட்டுவார், நாளைக்கு இன்னொருத்தர் வேற எதையாவது தொங்கவிடுவார். அப்புறம் இது வீடா, காயலான் கடையா?”

சிலர் சிரித்தார்கள். இரண்டாம் மாடிப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவன் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள்.

“சார், என் தம்பி…”

“உங்க தம்பிமேல எங்களுக்கும் அக்கறைதாம்மா. அடுத்த வருஷம் பேசலாம்.”

ஜூலையில் ஊரே அடுப்பில் வைத்த சட்டியாகக் காய்ந்தது.

“அக்கா, நான் வெண்ணெயா இருந்தா இந்நேரம் என்னை ரொட்டியில தடவியிருப்பே,” என்றான் எக்கார்ட்.

“வாயை மூடுடா. ஏசியைப் போடறேன்.”

“இப்ப வேணாம். பில் வந்தா நீ முழிக்கிற முழியை என்னால பாக்க முடியல.”

அன்று மதியம் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தண்ணீர் குடிக்க எழுந்தவன் தள்ளாடி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து நேரே பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். இனி அந்த மாடிப்படிகளை ஏற அவனால் முடியாது.

செப்டம்பரில் ஹேபர்லே மூச்சு வாங்க மேலே வந்தார்.

“எல்லார்கிட்டயும் பேசிட்டேன்மா. யாரும் மறுக்கல. பலகையை நானே மாட்டித் தர்றேன். தம்பி ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது உதவும்.”

கெர்லிண்ட் தம்பியின் அறையைத் திறந்தாள். கட்டிலில் மெத்தை இல்லை.

“யாருக்கு சார் மாட்டப் போறீங்க?”

ஹேபர்லே வெறுங்கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “எம்மேல தப்பும்மா,” என்றார்.

“நகராட்சி பாதிப் பணம் தரேன்னுச்சு,” என்றாள் கெர்லிண்ட். “ சரின்னு ஒரு வார்த்தை சொல்ல இந்த வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் மனசு வரல. பக்கத்துல ஒருத்தர் கஷ்டப்படும்போதே கை கொடுக்கணும் சார். வீட்டோட அழகு கெட்டா வெள்ளையடிச்சுக்கலாம். என் தம்பியை இந்த வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டு வர முடியுமா?”