மூச்சுக்குக் காவல்

டிப்போவில் அவருக்கு 'இன்ஜின்' என்று பெயர். ஓய்வறையில் அவர் குறட்டையை ஆரம்பித்தால், எந்த பஸ் கிளம்புகிறது என்று கண்டக்டர்கள் வெளியே எட்டிப் பார்ப்பார்களாம். இந்தக் கேலியெல்லாம் போன மாதத்தோடு சரி. இரவு முழுக்க ஓட்டிவிட்டு, நன்றாக விடிந்த பிறகு, நேரான சாலையில் அவருடைய பஸ் ஒதுங்கித் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கண் அசந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். தூக்கப் பரிசோதனையில் தேறினால்தான் மறுபடி ஸ்டியரிங், இல்லாவிட்டால் ஸ்டோரில் டயர் எண்ணுகிற வேலை என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

டயர் எண்ணுவதற்குப் பதில் அவர் டயருக்கு அடியிலேயே படுத்துக்கொள்வார். அவர் மனைவிக்கு அது தெரியும்.

இரவில் ஓட்டுகிறவர் பகலில்தானே தூங்குவார்? அதனால் பரிசோதனையும் பகலில்தான். ஆஸ்பத்திரி அறையில் தடித்த திரைகளை இழுத்து மூடி இருட்டாக்கியிருந்தார்கள். டெக்னீஷியன் பெண் அவர் தலைமுடிக்குள் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டினாள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் சிறு பெட்டியோடு சேர்ந்த கிளிப்பை விரலில் மாட்டினாள். கட்டிலருகே நாற்காலியில் இருந்த மனைவியிடம் வேலையோடு வேலையாக விளக்கிக்கொண்டே வந்தாள். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து சிலருக்கு மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மூளை பதறிப்போய் ஆளை ஒரு கணம் உசுப்பிவிடும். மூச்சு வரும், ஆளும் உடனே தூங்கிவிடுவார். காலையில் கேட்டால் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன் என்பார். ஆனால் தூக்கம் கந்தலாகியிருக்கும். கிடைக்காத தூக்கத்தை உடம்பு விடாது, உட்கார்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். மூச்சு பத்து நொடி நின்றால்தான் கணக்கில் வரும். பக்கத்து அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், ஆபத்து என்றால் தானே ஓடி வருவதாகவும், அதுவரை யாரும் அவரைத் தொடக் கூடாது என்றும் சொன்னாள்.

இது மனைவிக்குப் புதுக் கதையா என்ன? கல்யாணமான நாளிலிருந்து குறட்டை சட்டென்று நின்றால் அவளுக்கு முன்னால் அவள் கை விழித்துக்கொள்ளும். இடுப்பில் ஒரு குத்து. களுக்கென்று மூச்சு திரும்பும். அவர் தூங்கிய தூக்கமும் தூக்கமில்லை, அவள் தூங்கியதும் தூக்கமில்லை.

வருகிற வழியிலேயே அவர் திட்டத்தைச் சொல்லியிருந்தார்.

"மூச்சு நிக்கிறப்பல்லாம் வழக்கம்போல ஒரு தட்டு தட்டிடு. போர்வைக்குள்ள, கால்ல. கேமராவுக்குத் தெரியாது."

அவளும் தலையாட்டியிருந்தாள்.

விளக்கு அணைந்து சிறிது நேரத்தில் இன்ஜின் கிளம்பியது. அவள் போர்வைக்குள் கையை விட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. கட்டைவிரலைச் சுண்டினாள். மூச்சு வந்தது. மறுபடி நின்றது, மறுபடி சுண்டினாள். ஒரு தடவைகூட அவள் பத்தை எட்ட விடவில்லை. டெக்னீஷியன் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, தூக்கம்தான் அடிக்கடி கலைகிறது, புது இடம் போலிருக்கிறது, மூச்சில் பெரிய குறை தெரியவில்லை என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். மனைவிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அப்போது பெட்டியின் வெளிச்சத்தில் பார்த்தாள், அவர் இமைகளுக்குள் கண்விழிகள் இங்குமங்கும் ஓட ஆரம்பித்தன. அதையும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்: கனவு வரும்போது கை காலெல்லாம் கட்டிப்போட்டதுபோலத் தளர்ந்துவிடும், தொண்டைக்கும் அதே கதிதான். ஆனால் மனைவியின் பிடியிலிருந்த வலது பாதம் துடித்தது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. எதையோ மிதிக்கப் பார்த்தது.

பிரேக்.

அவர் கனவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் எத்தனை பேர் தலை சாய்த்துத் தூங்குகிறார்களோ என்று அவள் நினைத்தாள். அவர்கள் காலைச் சுண்ட யார் இருக்கிறார்கள்? போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மூச்சு நின்றது.

நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக முண்டின. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. விரல் கிளிப்போடு சேர்ந்த பெட்டியில் எண் இறங்கியது. தொண்ணூறுக்குக் கீழே. எண்பத்தைந்து. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து மேலே அழுத்தி உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் செய்த எந்த வேலையும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. எண்பது. அந்தப் பெண் ஏன் இன்னும் வரவில்லை? பாவி, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எழுந்தேவிட்டாள். அப்போது ஒரு பெரிய கேவலோடு அவருக்கு மூச்சு வந்தது.

அது முடிவதற்குள் அடுத்தது. அதற்கடுத்தது. அவள் தொடவில்லை.

டெக்னீஷியன் பெண் கொஞ்ச நேரத்தில் மூச்சுப் பாதை அடைக்காதபடி காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவரை எழுப்பினாள். முடிவு டாக்டர்தான் சொல்வார், ஆனால் இந்த நிலையில் வண்டி தொடக் கூடாது, மீதிப் பரிசோதனையை இதை மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்து வரப் போனாள்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"தொடலையா நீ?"

"முதல்ல தொட்டேன். அப்புறம் தொடல."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

அவள் போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடினாள்.

"உங்க மூச்சு நின்னு கெடந்துச்சு. நான் கையக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேங்க. அதைவிடவா பெருசா என்னைத் திட்டிடப் போறீங்க?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டெக்னீஷியன் பெண் திரும்பி வந்ததும் முகத்தை மட்டும் நீட்டினார். அவள் பட்டையை மாட்டிக் காற்றைத் திறந்துவிட்டுப் போனாள்.

அவர் தூங்கினார். மூச்சு வந்தது, போனது. குறட்டையே இல்லை. மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இதோ நிற்கப்போகிறது என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. இமைகளுக்குள் விழிகள் மறுபடி ஓடின. அவள் பெட்டியைப் பார்த்தாள். எண் இறங்கவில்லை. இன்னும் காத்திருந்தாள். மூச்சு தன்பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. சத்தம் கேட்டு டெக்னீஷியன் பெண் ஓடி வந்தாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா," என்றாள் அவள். "இவ்வளவு நேரமா ஒண்ணுமே ஆகல."