வாளித் தண்ணீர்

சவப்பெட்டி வாசலைத் தாண்டியதுமே பக்கத்து வீட்டு யுஸ்தினா வாளியோடு உள்ளே வந்துவிட்டாள். பிணம் வெளியேறியதும் ரத்த உறவில்லாத ஒருத்தர் மூலையிலிருந்து வாசல்வரை தரையைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் சாவு அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

ஒரிஸ்யா குறுக்கே நின்றாள்.

"தண்ணி வேணாங்க்கா. துணிய ஒட்டப் பிழிஞ்சு துடைச்சாப் போதும். 'என் சாவுக்குக்கூட வாளி உள்ள வரக்கூடாது'ன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

"சொல்வாருடி உங்கப்பா. சாவுக்கு என்ன ஒத்தடமா குடுக்கச் சொல்ற? தள்ளு."

அப்பா ஸெனோவிக்கு அந்த ஓக் மரத்தரைதான் உயிர். தண்ணீர் பட்டால் மரம் ஊதி, மெழுகு வெளுத்துப்போகும் என்பார். வாராவாரம் சனிக்கிழமை மெழுகு பூசி, கம்பளித் துணியால் தேய்த்தாக வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு மகளை முட்டி போட வைத்து, கட்டிலிலிருந்தே விரலை நீட்டுவார். "அந்த ஜன்னலோரம் மங்கலா இருக்கு பாரு." கடைசி நற்கருணை கொடுக்க வந்த பாதிரியாரையே ஷூவைக் கழற்ற வைத்த மனிதர். அவர் பாவம், ஓட்டைக் காலுறையோடு நின்று ஜெபித்துவிட்டுப் போனார்.

அப்பாமீது ஒரிஸ்யாவுக்குப் பாசம் இல்லாமலில்லை. மூச்சு நின்ற காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், 'இன்னிக்கு சனிக்கிழமை, மெழுகு போட வேண்டியதில்ல' என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இரண்டு நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஈடாகத்தான் இப்போது இந்தக் காவல்.

"அக்கா! எல்லாரும் காத்திட்டிருக்காங்க!" கீழே முற்றத்திலிருந்து தம்பி லுபோமிர் கத்தினான்.

யுஸ்தினா வாளியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன். வர்ற சனிக்கிழமையும் முட்டி போடப் போறியா?"

ஒரிஸ்யா தரையைப் பார்த்தாள். கண்ணாடிபோல் மின்னியது. நேற்றும் அவள்தான் தேய்த்திருந்தாள், யாரும் சொல்லாமலே.

"ஊத்துங்கக்கா," என்றாள். "நல்லாவே ஊத்துங்க."

அவள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியை வண்டியில் ஏற்றியிருந்தார்கள். திறந்திருந்த ஜன்னல் வழியே மேலிருந்து சளாரென்று ஒரு சத்தம்.

"என்னக்கா அது?"

"யுஸ்தினாக்கா வீட்டைக் கழுவறாங்க."

"தண்ணி ஊத்தியா?" லுபோமிரின் முகம் வெளிறிவிட்டது.

"ஆமா."

இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள். இன்னொரு முறை தண்ணீர் விழுந்தது. பெட்டி சும்மா இருந்தது.

லுபோமிர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து உறவினர் ஒருவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஒரிஸ்யா வண்டியில் ஏறி, அப்பாவின் அருகே உட்கார்ந்து, முட்டி போட்டே பழகிய கால்களை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.